கேள்விக்குறி, கட்டம், தலைகீழான பெயர்: ஆய்விதழுக்கு அனுப்பும் கோப்பில் வரும் கோளாறுகள்

ஆய்வு மாணவர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் கெடு முடியும் நாளில்தான். "காலையில நல்லாத்தான் இருந்துச்சு சார், இப்ப பாருங்க" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுவார்கள். கட்டுரை முடிந்திருக்கும், வழிகாட்டியும் தலையாட்டியிருப்பார், கோப்பு மட்டும் அடம்பிடிக்கும். லேடெக் (கட்டளை எழுதிப் பக்கம் அமைப்பது), லிப்ரெஆபிஸ் (சொற்செயலி உள்ள அலுவலகத் தொகுப்பு), ஸோட்டெரோ (மேற்கோள் நூல்களைச் சேர்த்துவைப்பது), பாண்டாக் (கோப்பு வடிவத்தை மாற்றுவது) போன்ற திறமூலக் கருவிகளில் கட்டுரை தயாரிப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை, கண்ணில் படும் அறிகுறியை வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு வேலை. கட்டுரைக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, தேதி போட்டு ஓரமாக வையுங்கள். பதற்றத்தில் நான்கு இடத்தில் கை வைத்துவிட்டு, எதை மாற்றினோம் என்றே தெரியாமல் விழிப்பது மூலக் கோளாறைவிடப் பெரிய கோளாறு. அப்புறம், கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். லேடெக் கட்டளையானால் முன்னால் பின்சாய்கோடு வரும்.

## மேற்கோள் எண் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இது ஓட்டக் கணக்கில் வரும் கோளாறு (கோப்பை ஒருமுறை கருவிக்குக் கொடுத்து எடுப்பதுதான் ஓர் ஓட்டம்). முதல் ஓட்டத்தில் லேடெக் எந்தெந்த மேற்கோள் சாவிகள் (நூல்களுக்கு வைத்த குறிப்பெயர்கள்) வந்திருக்கின்றன என்று ஆக்ஸ் கோப்பில் குறித்துவைக்கும், அவ்வளவுதான். துணைநூற்பட்டியல் கட்டும் பிப்டெக் அந்த ஆக்ஸைப் படித்து, நூல் விவரங்கள் இருக்கும் உங்கள் பிப் கோப்பிலிருந்து உரிய நூல்களைப் பொறுக்கி, பிபிஎல் என்ற கோப்பில் பட்டியலாக எழுதும். இரண்டாவது லேடெக் ஓட்டம் அந்தப் பட்டியலை உள்ளே கொண்டுவரும். மூன்றாவது ஓட்டத்தில்தான் எண் உரைக்குள் வந்து உட்காரும். ஆக லேடெக், பிப்டெக், லேடெக், லேடெக் என்று நான்கு. முனையத்தில் கொடுக்கும் லேடெக்எம்கே என்ற கட்டளை எத்தனை ஓட்டம் தேவை என்று தானே பார்த்து ஓட்டிவிடும். கையால் ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடலாம்.

அதற்குப் பிறகும் கேள்விக்குறி நின்றால் பிஎல்ஜி கோப்பைத் திறங்கள். பிப்டெக் தன் வேலையைக் குறித்துவைக்கும் கோப்பு அது. எந்தச் சாவிக்கு நூல் கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும். சாவியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கலாம். அல்லது ஸோட்டெரோவில் நூலின் ஆண்டைத் திருத்தியபோது, பெட்டர் பிப்டெக் துணைநிரல் சாவியையும் புதிதாக உருவாக்கியிருக்கலாம். துணைநிரலில் சாவி தானாக மாறாதபடி நிலைநிறுத்தி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிஎல்ஜி ஒரு பதிவைக் கைகாட்டுகிறது, அந்தப் பதிவோ பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்றால் அதற்கு மேலே இருக்கும் பதிவைப் பாருங்கள். அங்கே ஒரு நெளி அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும். மூடாத பதிவு அடுத்ததையும் சேர்த்து விழுங்கிவிடும். கூச்சல் கீழேயிருந்து வரும், வலி மேலே இருக்கும்.

உங்கள் கணினியில் எல்லாம் சரி, ஆய்விதழின் தளத்தில் மட்டும் கேள்விக்குறி என்றால், அந்தத் தளம் பிப்டெக்கை ஓட்டுவதில்லை என்று பொருள். பிபிஎல் கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். அதன் பெயரும் முதன்மைக் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பிப்டெக்குக்குப் பதிலாகப் பிப்லேடெக் தொகுப்பும் அதனோடு ஓடும் பைபர் கருவியும் பயன்படுத்துபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களுடைய பிபிஎல் கோப்பில் ஒரு வடிவப் பதிப்பு எண் இருக்கும். தளத்தில் இருக்கும் பிப்லேடெக் வேறு பதிப்பாக இருந்தால் அந்தக் கோப்பைத் தொடவே தொடாது. ஆய்வேட்டுக்கு பிப்லேடெக் அருமையானது. ஆய்விதழுக்கு, அவர்கள் வார்ப்புருவிலேயே அது இருந்தாலொழிய, பழைய பிப்டெக்கோடு போவதுதான் என் வழக்கம்.

## படம் 3 என்று வரவேண்டியது 4.2 என்று வருகிறது

படத்துக்குக் குறிப்பெயர் வைக்கும் லேபிள் கட்டளை, படவிளக்கம் எழுதும் கேப்ஷனுக்கு முன்னால் இருக்கிறது. படத்தின் எண்ணைக் கூட்டுவது கேப்ஷன்தான். லேபிள், தனக்கு முன்னால் கடைசியாக மாறிய எண்ணைப் பிடித்துக்கொள்ளும். கேப்ஷன் வருமுன்னே லேபிள் வந்துவிட்டால் அதன் கையில் அகப்படுவது அந்தப் பிரிவின் எண். கேப்ஷனுக்குப் பின்னால் நகர்த்தி இரண்டு முறை ஓட்டுங்கள். இதற்கு எச்சரிக்கையே வராது, அதுதான் வில்லங்கம்.

## துணைநூற்பட்டியலில் பெயர் தலைகீழாக இருக்கிறது

நம்மவர்களுக்கு அதிகம் வருவது இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிப்டெக்குக்குத் தெரிந்த உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு. காற்புள்ளி இல்லாமல் எழுதினால் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் முதற்பெயர். நமக்கோ முன்னால் நிற்பது அப்பா பெயரின் தலைப்பெழுத்து, பின்னால் நிற்பது சொந்தப் பெயர். "எஸ். முருகன்" என்று எழுதியிருந்தால் பட்டியலில் முருகன் என்றே வரும், தப்பித்தோம். ஆனால் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டு "முருகன் எஸ்" என்று எழுதியிருந்தால் குடும்பப் பெயர் "எஸ்" ஆகிவிடும், முருகன் "எம்" என்று சுருங்கிவிடுவார். உரைக்குள் "(எஸ், 2019)" என்று மேற்கோள் வரும். ஒரு மாணவியின் கட்டுரையில் அவருடைய வழிகாட்டியே இப்படி ஒற்றை எழுத்தாகிக் கிடந்தார். பட்டியலில் இருந்த வழிகாட்டியின் ஐந்து கட்டுரைகளும் அகரவரிசையில் வேறெங்கோ போய் நின்றதால் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

தீர்வு எளிது. பிப் கோப்பில் எப்போதும் காற்புள்ளி போட்டு எழுதுங்கள்: பட்டியலில் முதலில் நிற்க வேண்டிய பெயர், காற்புள்ளி, மீதி. "முருகன், எஸ்." என்று எழுதிவிட்டால் பிப்டெக்குக்கு ஊகிக்க வேலையில்லை.

அதற்காகக் காற்புள்ளியை ஆசிரியர்களுக்கு நடுவிலும் போட்டுவிடாதீர்கள். அங்கே வரவேண்டியது "அண்ட்" என்ற ஆங்கிலச் சொல் மட்டுமே. சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட குறிப்பை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் புலத்தில் "சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணன்" என்று நடுவில் காற்புள்ளியோடு எழுதினால் பிப்டெக் அதை ஒரே ஆளாகப் படிக்கும்: குடும்பப் பெயர் "சி. வி. ராமன்", முதற்பெயர் "கே. எஸ். கிருஷ்ணன்". முதற்பெயரைச் சுருக்கும் பாணியில் வெளியே வருபவர் "கே. எஸ். கே. சி. வி. ராமன்". மூன்று ஆசிரியர்களை இரண்டு காற்புள்ளிகளால் பிரித்தாலும் பிப்டெக் முனகாது. நடுவில் இருப்பவரை "ஜூனியர்" போன்ற பின்னொட்டாக எடுத்துக்கொண்டு போய்விடும். நான்கு பேர் ஆனால்தான் பெயரில் காற்புள்ளிகள் அதிகம் என்று கத்தும். அதனால் பிப்டெக் சத்தம் போடவில்லை என்பதை வைத்துப் பெயர்கள் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

நிறுவனம் ஆசிரியராக இருந்தால் இன்னொரு கூத்து. உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதினால் "டபிள்யூ. எச். ஆர்கனைசேஷன்" என்று ஓர் ஆசாமி பட்டியலில் வந்து நிற்பார். முழுப் பெயரையும் இரட்டை நெளி அடைப்புக்குள் போடுங்கள்; ஒரே சொல்லாக நினைத்து விட்டுவிடும். ஸோட்டெரோவில் ஆசிரியர் புலத்தின் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கினால் இதே வேலை நடக்கும். கட்டுரைத் தலைப்பில் வரும் ஊர்ப் பெயர், ஆள் பெயர், சுருக்கெழுத்துகளையும் நெளி அடைப்புக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் பல பாணிகள் தலைப்பின் முதல் எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும்.

கருவியால் தீராத ஒரு பகுதியும் இதில் இருக்கிறது. ஒரே ஆய்வாளர் ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்தை முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும், மூன்றாவதில் அப்பா பெயரை முழுதாக விரித்தும் எழுதியிருப்பார். தரவுத்தளங்களில் அவர் மூன்று பேர். முதல் கட்டுரை அனுப்புமுன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, 2012-இல் தொடங்கிய ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாளப் பதிவேட்டில் 16 இலக்க எண் ஒன்று வாங்கி, பிறகு எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். இலவசம்தான்.

## தமிழ் எழுத்து கட்டமாகவோ வெற்றிடமாகவோ உடைந்தோ வருகிறது

ஆங்கிலக் கட்டுரைக்குள் பாடலடியோ கல்வெட்டு வரியோ மேற்கோளாக வரும்போது இது தலைதூக்கும். "தமிழ் வரவில்லை" என்று மொத்தமாகச் சொல்வார்கள். எப்படி வரவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது.

ஓட்டும்போதே, இந்த யூனிகோடு எழுத்துக்கு ஏற்பாடு இல்லை என்று பிழை வந்தால் நீங்கள் பிடிஎஃப்லேடெக்கில் இருக்கிறீர்கள். யூனிகோடு எழுத்துருக்களை நேரே எடுத்துக்கொள்ளும் ஸீலேடெக், லுவாலேடெக் இயந்திரங்களில் ஒன்றுக்கு மாறி, ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பின் மூலம் தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுங்கள்.

பிழை வரவில்லை, ஆனால் தமிழ் இருந்த இடம் காலியாக அல்லது கட்டம் கட்டமாக இருந்தால் இயந்திரம் சரி, எழுத்துருவில் தமிழ் இல்லை. லாக் கோப்பில் "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று தேடுங்கள். எந்த எழுத்து, எந்த எழுத்துருவில் இல்லை என்று வரிவரியாக இருக்கும். இது வெறும் எச்சரிக்கை என்பதால் ஓட்டம் நிற்காது, பிடிஎஃப் பாட்டுக்கு வந்துவிடும். 40 பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு சொல் காணாமல் போனால் யார் பார்ப்பார்கள்? டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற மதிப்பை 3 ஆக வையுங்கள். டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பின் 2021 பதிப்பு முதல், அப்படி வைத்தால் விடுபட்ட எழுத்து பிழையாகவே மாறி ஓட்டத்தை நிறுத்தும்.

எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பு இடம் மாறிக் கிடக்கிறது, அல்லது உயிர்க்குறி புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே நிற்கிறது என்றால் எழுத்துகளை இணைக்கும் வேலை நடக்கவில்லை. எழுத்துரு கொடுத்த இடத்தில் ஸ்கிரிப்ட் என்ற விருப்பத்துக்குத் தமிழ் என்று கொடுங்கள். லுவாலேடெக் என்றால் கூடவே ரெண்டரர் விருப்பத்துக்கு ஹார்ஃப்பஸ் என்று கொடுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

நான்காவது வகை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளமாக வருவது. அது லேடெக்கின் குற்றமில்லை. மூலத்தைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டியது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டரும் ஓப்பன்-தமிழ் நிரலகமும் இதைச் செய்யும். மாற்றிய பின் ஒருமுறை ஊன்றிப் படியுங்கள், குறிப்பாக உரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்த இடங்களை. அவற்றையும் மாற்றி "தமிழாக்கி" வைத்திருக்கும்.

ஆய்விதழ் பிடிஎஃப்லேடெக் வார்ப்புருவைத்தான் ஏற்கும் என்றால்? சில வரிகள்தான் தமிழ் என்றால் அவற்றை ஸீலேடெக்கில் தனிப் பிடிஎஃப்பாக எடுத்துப் படம்போலச் செருகிவிடலாம். அல்லது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையில் ரோமன் ஒலிபெயர்ப்பாகக் கொடுக்கலாம். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: ளகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் புள்ளி, ழகரத்துக்கு அடியில் கோடு. லேடெக்கில் புள்ளி போடுவது டி கட்டளை, கோடு போடுவது பி கட்டளை. றகரத்துக்கும் னகரத்துக்கும் கோடு. டகரத்துக்கும் ணகரத்துக்கும் புள்ளி. புள்ளியும் கோடும் மாறினால் பழம் பள்ளமாகாவிட்டாலும் வேறு ஏதோ ஆகிவிடும்.

லிப்ரெஆபிஸ் ரைட்டரில் தமிழ் வராமல் போவதில்லை. அங்கே வேறு தொல்லை. எழுத்தளவை 12 என்று மாற்றுவீர்கள், ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது. ரைட்டர் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. அதற்கு எழுத்துரு, அளவு, தடிப்பு எல்லாமே தனி. பத்திப் பாணியைத் திறந்து எழுத்துருத் தாவலில் அந்த இரண்டாவது பகுதியையும் மாற்றுங்கள். உரையைத் தேர்ந்தெடுத்து அங்கங்கே மாற்றினால் இன்று தீரும், நாளைக்குத் திரும்ப வரும்.

## தமிழ்ப் பட்டியலின் அகரவரிசை தப்பாக இருக்கிறது

அபிராமி முன்னால், அப்பாதுரை பின்னால். கமலநாதனுக்கு முன்னால் கனகசபை. எழுதியவருக்கு அகரவரிசை தெரியாது என்று மதிப்பீட்டாளர் நினைத்துக்கொள்வார், பாவம்.

பிப்டெக் எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிறது. யூனிகோடில் மெய்ப்புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பிறகு வருகிறது. அதனால் "பி"க்குப் பிறகுதான் "ப்" நிற்கும். நமக்கோ மெய் முதலில். அதேபோல னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும், ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவிலும் எண் பெற்றிருக்கின்றன. நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. கிரந்தம் அதற்கும் பிறகு.

பிப்லேடெக், பைபர் வைத்திருந்தால் சார்ட்லொகேல் விருப்பத்தில் தமிழுக்கான டிஏ குறியைக் கொடுத்தால் மொழி முறைப்படி அடுக்கும். ரைட்டரில் வரிசைப்படுத்தும் சாளரத்தில் மொழியைத் தமிழ் என்று வைக்க வேண்டும். பிப்டெக்தான் என்றால் கடைசி நகலில் பிபிஎல் கோப்பைத் திறந்து பதிவுகளைக் கையால் நகர்த்துங்கள். அழகான வழி இல்லைதான். 30 நூலுக்கு 15 நிமிடம் ஆகும். நகர்த்திய பின் மறந்தும் பிப்டெக்கை ஓட்டாதீர்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

## எழுத்துரு உட்பொதிக்கப்படவில்லை என்று தளம் திருப்பி அனுப்புகிறது

ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பின் மாநாடுகளுக்கான பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் சோதனையில் மாட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முனையத்தில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கட்டளையை உங்கள் பிடிஎஃப் பெயரோடு ஓட்டுங்கள். பாப்ளர் கருவித்தொகுப்பில் இருக்கிறது. எழுத்துருக்கள் அட்டவணையாக வரும். "ஈஎம்பி" என்ற நிரலில் "நோ" என்று எது இருக்கிறதோ அதுதான் பிடிஎஃப்புக்குள் சேராமல் நிற்கும் ஆள்.

பெரும்பாலும் அது ஹெல்வெட்டிகா அல்லது ஏரியலாக இருக்கும். "நான் ஹெல்வெட்டிகாவே பயன்படுத்தலையே!" என்பார்கள். அவர்கள் இல்லை, அவர்களுடைய வரைபடம் பயன்படுத்தியிருக்கும். ஆர் மொழியின் வழக்கமான பிடிஎஃப் வெளியீடு ஹெல்வெட்டிகாவை உட்பொதிக்காமல் பெயரை மட்டும் எழுதிவைக்கும். லேடெக் அந்தப் படத்தை உள்ளிருப்பதோடு அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளும். கட்டுரையை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை. ஆரில் கெய்ரோ பிடிஎஃப் வெளியீட்டுக்கு மாறிப் படத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

வகை நிரலில் "டைப் 3" என்று இருப்பதும் சில இடங்களில் ஆகாது. பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் இயல்பாக அப்படித்தான் எழுதும். அதன் அமைப்பில் பிடிஎஃப் ஃபான்ட்டைப் என்பதை 42 ஆக்கினால் ட்ரூடைப்பாக வரும். படம் எதுவும் இல்லாத பக்கத்திலேயே டைப் 3 இருந்தால், எழுத்துக் குறியாக்கத்தை டி1 என்று வைத்துவிட்டு, அதற்கான சிஎம்-சூப்பர் எழுத்துருத் தொகுப்பை நிறுவாமல் விட்டிருப்பீர்கள். எல்மாடர்ன் தொகுப்பைச் சேர்த்தாலும் போதும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பல்லுப் பல்லாகத் தெரியும், அதுதான் அடையாளம்.

படத்தை மறுபடி எடுக்க நேரமில்லை, தரவு வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றால் பிடிஎஃப்பைத் திரும்ப எழுதித் தரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கருவியின் ப்ரீப்ரெஸ் அமைப்பில் முழு பிடிஎஃப்பையும் ஒருமுறை ஓட்டி எடுக்கலாம். விடுபட்ட எழுத்துருவுக்குப் பதில் அதைப் போன்ற ஒன்றை உள்ளே வைத்துவிடும். வரைபடத்தின் எக்ஸ், ஒய் அச்சுகளில் உள்ள குறிகள் நகர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

## டாக்எக்ஸ் ஆக்கியதும் ஸோட்டெரோ மேற்கோள்கள் செத்துவிட்டன

ரைட்டரில் எழுதி, ஆய்விதழ் வேர்டு கோப்பு கேட்கிறதே என்று டாக்எக்ஸாகச் சேமித்திருப்பீர்கள். மேற்கோள் கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டால் வெறும் எழுத்து. ஸோட்டெரோவின் ஆவண விருப்பங்களில் மேற்கோள்களை ரெஃபரன்ஸ் மார்க்காகச் சேமிப்பதா, புக்மார்க்காகச் சேமிப்பதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. ரெஃபரன்ஸ் மார்க், ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி கோப்பில் மட்டுமே பிழைக்கும். புக்மார்க் டாக்எக்ஸிலும் தங்கும், ஆனால் அதில் அடிக்குறிப்புக்குள் மேற்கோள் வைக்க முடியாது. வரலாறு, இலக்கியத் துறையினருக்கு இது உதவாது.

கூட்டு ஆசிரியர் வேர்டில் தொடர வேண்டும் என்றால் அதே சாளரத்தில் வேறு சொற்செயலிக்கு மாறும் பொத்தான் இருக்கிறது. அதன் வழியே போங்கள். யாரும் தொடரப்போவதில்லை, சமர்ப்பிக்க மட்டும்தான் என்றால் ஓடிடியை மூலமாக வைத்துக்கொண்டு, நகலில் அன்லிங்க் சைட்டேஷன்ஸ் கொடுத்து, அதை டாக்எக்ஸாக்குங்கள். நகலில் என்று சொன்னேன். மூலத்திலேயே செய்துவிட்டு, திருத்தம் வந்தபோது 112 மேற்கோள்களைத் திரும்பச் செருகிய ஒருவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.

பாண்டாக் வழியே மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்திலிருந்து வருபவர்களுக்கு மேற்கோள் சாவி @ குறியோடு அப்படியே பச்சையாக நின்றால், சைட்ப்ராக் கொடியைக் கொடுக்கவில்லை. 2020-இல் வந்த 2.11 பதிப்பிலிருந்து அது பாண்டாக்கிலேயே உள்ளமைந்திருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் சொல்லும் தனி வடிகட்டியைத் தேடி அலைய வேண்டாம். எழுத்துரு, இடைவெளி பிடிக்கவில்லையென்றால் ரெஃபரன்ஸ் டாக் விருப்பத்தில் ஆய்விதழின் வார்ப்புருவைக் கொடுத்துப் பாருங்கள்.

## பெயர் மறைத்து அனுப்பியும் பெயர் தெரிகிறது என்று திருப்பிவிட்டார்கள்

எழுதியவர் யார், மதிப்பிடுபவர் யார் என்று இருவருக்கும் தெரியாத இருமுனை மறைப்பு மதிப்பாய்வில் முதல் பக்கத்துப் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. பிடிஎஃப்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். ஆசிரியர் வரியில் நீங்களே உட்கார்ந்திருப்பீர்கள். லேடெக்கில் ஹைப்பர்ரெஃப் தொகுப்புக்குக் கொடுத்த பிடிஎஃப்ஆத்தர் விருப்பத்தை எடுங்கள். ரைட்டரில் கோப்பின் பண்புகளுக்குப் போய்ப் பயனர் தரவைப் பயன்படுத்து என்ற குறியை எடுத்துவிட்டு, பண்புகளை மீட்டமைக்கும் பொத்தானை அழுத்துங்கள். திருத்தத் தடங்களிலும் ஓரக் குறிப்புகளிலும் பெயர் இருக்கும். தடங்களை ஏற்று, குறிப்புகளை நீக்கிய பிறகே அனுப்புங்கள்.

அதிகம் பேர் அறியாத ஒன்று: பிடிஎஃப்டெக், செருகிய பிடிஎஃப் படங்களின் கோப்புப் பெயரை நீங்கள் கொடுத்த பாதையோடு சேர்த்து உள்ளே எழுதிவைக்கும். வீட்டுக் கோப்புறையிலிருந்து முழுப் பாதை கொடுத்திருந்தால் அதில் உங்கள் பயனர் பெயர் இருக்கும். கட்டுரைக் கோப்புறைக்குள்ளேயே படங்களை வைத்து, சுருக்கமான பாதை கொடுப்பது நல்லது. பிடிஎஃப்சப்ரஸ்பிடெக்ஸ்இன்ஃபோ என்ற மதிப்பை கழித்தல் 1 ஆக்கினால் இந்தக் குறிப்புகளே எழுதப்படாது. நன்றியுரை, திட்ட நிதி எண், "எங்கள் முந்தைய ஆய்வில்" போன்ற சொற்களையெல்லாம் கண்ணால்தான் தேட வேண்டும்.

## என் கணினியில் ஓடுகிறது, தளத்தில் ஓடவில்லை

முதலில் கோப்புப் பெயர்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சேவையகத்துக்கு வேறு வேறு. படத்தின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருந்து, கட்டுரையில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் வீட்டில் ஓடும், அங்கே ஓடாது. இடைவெளியும் தமிழ் எழுத்தும் இல்லாத பெயராக வையுங்கள். சில தளங்கள் உட்கோப்புறைகளை ஏற்காது. எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டிவிட்டு, வீட்டில் அப்படியே ஓட்டிப் பாருங்கள். கணினியில் மட்டும் நிறுவிய எழுத்துரு அங்கே இருக்காது. நோட்டோ செரிஃப் தமிழ், லோகித் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் வருவதால் எழுத்துருக் கோப்பையே சேர்த்து ஏற்றி, ஃபான்ட்ஸ்பெக்கில் பாதையைக் காட்டலாம்.

பிழை என்னவென்றே புரியாவிட்டால் தளம் தரும் லாக் கோப்பில் ஆச்சரியக்குறியில் தொடங்கும் முதல் வரியைத் தேடுங்கள். முதல் வரி, கடைசி வரி இல்லை. பின்னால் வரும் 50 பிழைகள் பெரும்பாலும் முதல் பிழையின் பிள்ளை குட்டிகள். அதற்குக் கீழே எல் என்ற எழுத்தும் வரி எண்ணும் இருக்கும். அந்த வரியில் ஒன்றும் தெரியவில்லையென்றால் ஆவணம் முடிகிறது என்று சொல்லும் கட்டளையைக் கட்டுரையின் நடுவில் போட்டு ஓட்டுங்கள். ஓடினால் கோளாறு கீழ்ப்பாதியில், ஓடாவிட்டால் மேல்பாதியில். பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் ஏழெட்டுத் தடவையில் பத்தி கையில் வந்துவிடும்.

எல்லாம் ஓடி, தளம் தானே ஒரு பிடிஎஃப் கட்டித் தந்து ஒப்புதல் கேட்கும். அதைப் பதிவிறக்கி மூன்று இடம் பாருங்கள்: தமிழ் வரும் ஒரு பக்கம், கடைசிப் படம், துணைநூற்பட்டியலின் முதல் பக்கம். பெயர் மறைத்து அனுப்புவதாக இருந்தால் நான்காவதாக முதல் பக்கம். நீங்கள் தனியாக ஏற்றிய முகப்புக் கடிதத்தை, கோப்பு வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால், தளம் கட்டுரையோடு சேர்த்துத் தைத்திருக்கும். அதன் அடியில் உங்கள் கையொப்பமும் இருக்கும்.